ஃபார்முலா 5.95 சொல்லுது, சாஃப்ட்வேர் 1.3 சொல்லுது: எதை நம்ப?

2 ஜூன் 2024, வாசகர் கேள்வி

சார், மெக்கானிக்கல் ஃபைனல் இயர். ஃப்ரீகேட் என்ற இலவச டிசைன் சாஃப்ட்வேரில் கால்குலிக்ஸ் சால்வர் (கணக்குப் போடும் நிரல்) வைத்து ஒரு ஸ்டீல் பட்டை போட்டேன். நீளம் 200 மி.மீ., அகலம் 20, தடிமன் 4. ஒரு முனை ஃபிக்ஸ், மறுமுனையில் கீழ்நோக்கி 50 நியூட்டன். ஈ (ஸ்டீலின் விறைப்பு எண்) 2,10,000 மெகாபாஸ்கல். கையால் போட்டால் பி எல் கியூப் பை 3 ஈ ஐ (பி லோடு, எல் நீளம், ஐ குறுக்குவெட்டு வளைவை எதிர்க்கும் அளவு), நுனி 5.95 மி.மீ. இறங்கணும். சாஃப்ட்வேர் 1.3 காட்டுது. மெஷ்ஷை, அதாவது கணக்குக்காகப் பட்டையைப் பிரிக்கும் துண்டுகளின் அளவை, 4 மி.மீ.யிலிருந்து 2 ஆக்கினேன், 3.1 வந்துச்சு. 1 ஆக்கினேன், லேப்டாப் ஃபேன் கதறி முடிச்சு 4.8. ஸ்ட்ரெஸ்ஸும் (பரப்பளவுக்கு உள்விசை) 187.5 மெகாபாஸ்கல் வரவேண்டிய இடத்தில் ரொம்பக் குறைவு. இலவச சாஃப்ட்வேர் என்பதால் கணக்கு தப்பா வருதா? காசு கொடுத்து வாங்குறதுதான் சரியா வருமா?

2 ஜூன், இரவு

மெஷ் செட்டிங்கில் எலிமெண்ட் ஆர்டர் 1 என்று வைத்திருப்பீர்கள். 2 ஆக்கி, அதே 4 மி.மீ.யில் ஓட்டுங்கள். மற்றது நாளைக்கு.

3 ஜூன்

5.9 வந்துவிட்டதாம். நல்லது.

ஏன் என்று இப்போது. மெஷ்ஷின் ஒவ்வொரு துண்டும் ஒரு எலிமெண்ட். ஆர்டர் 1 டெட்ரா (நான்முகி வடிவத் துண்டு) என்றால் மூலைக்கு ஒன்றாக நாலு நோடு (கணக்குப் புள்ளி). அந்த எலிமெண்டுக்குள் எங்கே போய்ப் பார்த்தாலும் ஸ்ட்ரெயின் (நீட்சி விகிதம்) ஒரே அளவுதான். அதற்கு மேல் அதற்குத் தெரியாது. உங்கள் பட்டையோ மேல் பக்கம் இழுபடுகிறது, கீழ்ப் பக்கம் அமுங்குகிறது, நடுவில் பூஜ்யம். இத்தனையும் 4 மி.மீ. தடிமனுக்குள். தடிமனுக்கு ஒரே ஒரு எலிமெண்டை வைத்தால் அது இழுவையைக் காட்டுமா, அமுக்கத்தைக் காட்டுமா? இரண்டையும் காட்ட முடியாமல் இல்லாத ஷியரை (அடுக்குகள் வழுக்கும் சிதைவை) உண்டாக்கிக்கொண்டு விறைத்து நிற்கிறது. இதைத்தான் ஷியர் லாக்கிங் என்கிறோம். பட்டை நிஜத்தில் இருப்பதைவிட நாலு மடங்குக்கும் மேல் விறைப்பாகத் தெரிந்ததற்கு இவ்வளவுதான் காரணம்.

உங்கள் மூன்று எண்களிலேயே விஷயம் தெரிகிறது. 1.3, 3.1, 4.8. மெஷ் சிறுக்கச் சிறுக்க 5.95 பக்கம் ஏறிக்கொண்டே போகிறது. சால்வரில் பிழை இருந்தால் இப்படி ஒரே திசையில் ஒழுங்காக நகராது, வேறு எங்காவது போய் உட்காரும். எலிமெண்ட் சரியான பதிலை நோக்கித்தான் போகிறது, ஆனால் தவழ்ந்து போகிறது. ஒவ்வொரு முறை பாதியாக்கும்போதும் எலிமெண்ட் எண்ணிக்கை சுமார் எட்டு மடங்கு ஆகும், லேப்டாப் கதறியது அதனால்.

இது புதிய வியாதி அல்ல. இந்த எலிமெண்டின் தட்டையான அண்ணன், மூன்று நோடு முக்கோணம், 1956இல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் நால்வரும் வெளியிட்ட கட்டுரையிலேயே இருக்கிறது. போயிங்கில் விமான இறக்கையின் விறைப்பைக் கணக்குப் போடும் வேலையில் பிறந்தது அது. "ஃபைனைட் எலிமெண்ட்" என்று கிளஃப் பெயர் வைத்ததே அப்புறம் 1960இல்தான்.

காசு விஷயம். கால்குலிக்ஸை எழுதியவர்கள் கிடோ டோண்ட், கிளாஸ் விட்டிக் என்று இருவர், ம்யூனிக்கில் விமான எஞ்சின் செய்யும் எம்டியூ நிறுவனத்து ஆட்கள். லட்சக்கணக்கில் விலை போட்ட சாஃப்ட்வேரில் அதே ஆர்டர் 1 டெட்ராவை வைத்தாலும் அதே 1.3ஐத்தான், இன்னும் அழகான வண்ணத்தில், காட்டும்.

3 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

"5.95 இல்லாமல் ஏன் 5.9?" என்று கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான். பட்டையின் மேல் பக்கம் நீளவாக்கில் இழுபடும்போது அகலவாக்கில் சுருங்கப் பார்க்கும், பாய்சான் விகிதம் 0.3 என்று கொடுத்தது அதற்குத்தானே. ஃபிக்ஸ் செய்த முகத்தில் ஒவ்வொரு நோடையும் மூன்று திசையிலும் கட்டிப்போட்டீர்கள், அங்கே சுருங்க வழியில்லை. அதனால் வேர்ப்பக்கம் ஒரு சிட்டிகை விறைப்பு கூடுகிறது. ஃபார்முலாவுக்கு இந்த அகலமே தெரியாது, அது ஒரு கோட்டைத்தான் வளைக்கிறது. சந்தேகம் இருந்தால் பாய்சான் விகிதத்தைப் பூஜ்யமாக்கி ஓட்டுங்கள், ஃபார்முலாவோடு இன்னும் ஒட்டி வரும். அப்புறம் மறக்காமல் 0.3க்குத் திரும்புங்கள்.

5 ஜூன்

இன்னொருவருக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. அதே பட்டை, செங்கல் வடிவ எலிமெண்ட், சி3டி8ஆர் (C3D8R) என்ற வகை, தடிமனுக்கு ஒரே அடுக்கு. பட்டை 5.95 எங்கே, அது பாட்டுக்குப் பல மடங்கு தொங்கிவிட்டது. பக்கவாட்டில் பார்த்தால் எலிமெண்ட் எல்லாம் மாறி மாறி சரிவகமாக நிற்கிறது.

அந்தப் பெயரின் கடைசி எழுத்தான "ஆர்", ஸ்ட்ரெயினை எட்டு இடத்தில் அளக்காமல் நட்ட நடுவில் ஒரே இடத்தில் அளக்கிறது என்பதைச் சொல்கிறது. தடிமனுக்கு ஒரு அடுக்குதான் என்றால் அந்த நடு சரியாக வளைவின் பூஜ்யக் கோட்டில் விழும். வளைகிறது, ஆனால் அளக்கும் இடத்தில் ஸ்ட்ரெயின் இல்லை. எலிமெண்டைப் பொறுத்தவரை ஒன்றும் நடக்கவில்லை, எதிர்ப்பும் இல்லை. இதற்குப் பெயர் ஹவர்கிளாஸ். தடிமனுக்கு நாலு அடுக்கு வையுங்கள், அல்லது வளைவுக்கென்றே ஏற்பாடு உள்ள C3D8I (கடைசி எழுத்து ஐ) வகையை எடுங்கள். அப்போது ஒற்றை அடுக்கிலேயே கூட, எலிமெண்ட் நேர் செவ்வகமாக இருந்தால், நல்ல பதில் வரும். கோணலாக இருந்தால் அதுவும் கெட்டுப்போகும்.

ஆக ஒரே பட்டை, ஒருவருக்கு இறுகிப்போச்சு, ஒருவருக்கு இளகிப்போச்சு. வளையும் பொருளில் தடிமனுக்கு எத்தனை எலிமெண்ட் என்பதைப் படத்தை ஜூம் செய்து கண்ணால் எண்ணாமல் யாரும் என்னிடம் சால்வரைத் திட்டாதீர்கள்.

6 ஜூன்

"சார், பட்டை பக்கத்தில் இருக்கிற சுவருக்குள்ள புகுந்து மறுபக்கம் வருது!"

படத்தின் ஸ்கேல் ஃபேக்டரைப் பாருங்கள். சின்ன நகர்வு கண்ணுக்குத் தெரியட்டும் என்று 50, 100 என்று பெருக்கி வரைவார்கள். 1 ஆக்குங்கள், புகுந்தது வெளியே வந்துவிடும்.

9 ஜூன்

50 நியூட்டன் போதாது என்று அதே ஆள் 500 போட்டிருக்கிறார். நுனி 59.5 மி.மீ. இறங்கி, பட்டை நீண்டுபோன மாதிரித் தெரிகிறதாம். இந்த முறை ஸ்கேல் 1தான் என்று சத்தியம் செய்கிறார்.

நம்புகிறேன். லீனியர் கணக்கில் பத்து மடங்கு லோடு என்றால் பத்து மடங்கு நகர்வு, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நிஜத்தில் நுனி வளைந்து கீழே வரும்போது சுவர் பக்கமாகவும் உள்வாங்கும். லீனியரில் நேர் கீழே மட்டும் போகும், அதனால் பட்டை நீண்டதுபோலத் தெரிகிறது. என்எல்ஜியோம் என்ற சொல்லைச் சேர்த்தால் சால்வர் வளைந்த வடிவத்தையே வைத்து மறுபடி சமன் பார்க்கும்.

எப்போது தேவை? பி எல் ஸ்கொயர் பை ஈ ஐ போட்டுப் பாருங்கள். 50 நியூட்டனில் அது 0.09, கவலையே வேண்டாம். 1 வந்தால் லீனியர் நீளத்தில் 0.333 பங்கு இறங்கும் என்கிறது, உண்மை 0.302. 2 வந்தால் லீனியர் 0.667 என்கிறது, உண்மை 0.493. உங்கள் 500 நியூட்டன் 0.89இல் இருக்கிறது, எல்லைக்கு வந்துவிட்டீர்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், வேர்ப்பக்க ஸ்ட்ரெஸ் 1875 மெகாபாஸ்கல். சாதாரண ஸ்டீல் 250இலேயே நிரந்தரமாக வளையத் தொடங்கிவிடும். சால்வருக்கு அதை நீங்கள் சொல்லவில்லை, அதனால் அது முகம் மாறாமல் 1875 என்று எழுதிவைத்திருக்கிறது.

14 ஜூன்

அதிர்வெண் கேள்வி. அதே பட்டையின் முதல் இயல்பு அதிர்வெண் 2.6 ஹெர்ட்ஸ் என்று வருகிறது, சரியா?

கையால்: 0.1615 பெருக்கல் தடிமன், வகுத்தல் நீளத்தின் வர்க்கம், பெருக்கல் ஈ பை ரோவின் (ரோ என்பது டென்சிட்டி, அடர்த்தி) வர்க்கமூலம். 83.5 ஹெர்ட்ஸ். கிடைத்ததும் வரவேண்டியதும் எத்தனை மடங்கு வேறு என்று பாருங்கள்: சுமார் 31.6. ஆயிரத்தின் வர்க்கமூலம் 31.6. அதைப் பார்த்ததுமே எனக்கு டென்சிட்டிதான் தோன்றியது. இன்புட் கோப்பைக் கையால் திருத்தி 7.85 × 10⁻⁶ என்று போட்டிருப்பார். கிலோ பை கன மி.மீ. அது. நியூட்டனும் மி.மீ.யும் வைத்துக் கணக்குப் போட்டால் நிறை டன்னில் இருக்க வேண்டும்: 1 நியூட்டன் என்பது 1 கிலோவுக்கு வினாடிக்கு வினாடி 1 மீட்டர், அதாவது 1 டன்னுக்கு 1 மி.மீ. ஆகவே 7.85 × 10⁻⁹. புவியீர்ப்பு 9.81 இல்லை, 9810.

ஃப்ரீகேட் ஜன்னலில் யூனிட்டோடு கொடுத்தால் அதுவே மாற்றிக்கொள்ளும். கோப்புக்குள் கை வைத்தால் யாரும் காப்பாற்ற மாட்டார்கள், சால்வருக்கு யூனிட் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

ஒருவர் 7850 என்றே போட்டிருந்தால்? பத்து லட்சத்தில் ஒரு பங்கு அதிர்வெண் வந்திருக்கும், உடனே சிரித்துவிட்டுத் திருத்தியிருப்பார். 2.6தான் ஆபத்து, ஏனென்றால் அது பார்க்க நியாயமாக இருக்கிறது. எனக்கு இந்த மாதிரி "பரவாயில்லை, இருக்கலாம்" ரகப் பதில்களைக் கண்டால்தான் பயம்.

22 ஜூன்

ஒரு வாசகரின் எல் வடிவ பிராக்கெட். இது நீளும், டீ எடுத்துக்கொண்டு வாருங்கள்.

உள்மூலை கூர்மையான 90 டிகிரி. மெஷ் 4 மி.மீ. என்றால் மூலையில் 181 மெகாபாஸ்கல். 2 என்றால் 247. 1 என்றால் 340. அரை மி.மீ. என்றால் 465. "எப்போ நிக்கும்?" என்று கேட்கிறார்.

நிற்காது. அடுத்தது 640 பக்கம் வரும். கூர்மையான உள்மூலையில் எலாஸ்டிக் கணக்கின் சரியான பதிலே முடிவிலிதான். இதைச் சிங்குலாரிட்டி என்பார்கள். எம்.எல். வில்லியம்ஸ் 1952இலேயே இதைக் கணக்காகப் போட்டுக் காட்டிவிட்டார். 90 டிகிரி உள்மூலையில் ஸ்ட்ரெஸ், மூலையிலிருந்து உள்ள தூரத்தின் மைனஸ் 0.4555 அடுக்காக ஏறுகிறது. எலிமெண்டைப் பாதியாக்கினால் 2இன் 0.4555 அடுக்கு, அதாவது 1.37 மடங்கு. உங்கள் எண்களை வகுத்துப் பாருங்கள்: 247 பை 181, 340 பை 247, 465 பை 340. எல்லாம் 1.37 பக்கத்திலேயே. சாஃப்ட்வேர் முடிவிலியை நோக்கி ஒழுங்காக நடை போடுகிறது.

ஆனால் அதே நாலு ஓட்டத்திலும் பிராக்கெட்டின் நுனி எவ்வளவு நகர்ந்தது என்று கேட்டேன். கிட்டத்தட்ட மாறவே இல்லையாம். முதல் கேள்வியில் நகர்வே தப்பு, எலிமெண்டைச் சந்தேகப்பட்டோம். இங்கே நகர்வு அசையவில்லை, ஒரே ஒரு புள்ளியில் ஸ்ட்ரெஸ் மட்டும் ஏறுகிறது. சந்தேகம் அந்த இடத்தின் வடிவத்தின் மேல். கூர்மையான உள்மூலை, ஒற்றை நோடில் தொங்கவிட்ட லோடு, ஃபிக்ஸ் முடிகிற விளிம்பு, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

மூலையில் 3 மி.மீ. ஃபில்லட் (மூலையை மழுக்கும் வளைவு) போடுங்கள், அந்த வளைவில் நாலைந்து எலிமெண்டாவது விழட்டும், ஸ்ட்ரெஸ் ஒரு எண்ணில் போய் நிற்கும். முதல் பட்டையிலும் சுவர் ஓரத்தில் 187.5க்கு மேல் கொஞ்சம் சிவப்பு தெரிந்திருக்கும், அதுவும் இந்தக் குடும்பம்தான். அங்கே சுவரிலிருந்து ஒரு தடிமன் தள்ளி எடுத்து, அந்த இடத்துக்கான கைக்கணக்கோடு ஒப்பிடுங்கள்.

25 ஜூன்

மேலே எழுதியதை இப்போது படித்தால் ஒரு பயம். "சிங்குலாரிட்டி" என்ற சொல் கையில் கிடைத்ததும் ஆட்கள் எல்லாச் சிவப்பையும் அதில் தள்ளிவிடுவார்கள்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் மோட்டார் தாங்கும் பிராக்கெட் ஒன்று. ரிப்போர்ட்டில் உள்மூலைச் சிவப்பைக் காட்டி, சிங்குலாரிட்டி, கண்டுகொள்ளத் தேவையில்லை என்று ஒரு வரி. சில மாதம் ஓடியதும் அதே மூலையில் மயிரிழை விரிசல். வரைபடத்தைத் தேடி எடுத்தால் அந்த மூலைக்கு ஃபில்லட் உண்டு. மெஷ் சுலபமாக வரட்டும் என்று மாடலில் எடுத்திருக்கிறார்கள். அதாவது நிஜப் பொருளில் ஸ்ட்ரெஸ் முடிவிலி இல்லை, ஒரு எண். அந்த எண் என்ன என்று யாரும் கேட்கவே இல்லை.

சிங்குலாரிட்டி என்றால் அந்த இடத்தில் காட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லை. அந்த இடம் பத்திரம் என்று அது சொல்லவில்லை. சொல்லப்போனால் நிஜத்தில் விரிசல் கிளம்பும் இடமும் பெரும்பாலும் அதுதான். லோடு ஏறி இறங்கும் பொருள் என்றால் ஃபில்லட்டைத் திரும்ப வைத்து, அந்தத் துண்டை மட்டும் நெருக்கமாக மெஷ் செய்து, எண்ணை வாங்கிக்கொண்டுதான் ரிப்போர்ட் எழுத வேண்டும்.

26 ஜூன்

"யீல்டு (நிரந்தரமாக வளையத் தொடங்கும் ஸ்ட்ரெஸ்) 250 கொடுத்து பிளாஸ்டிக், அதாவது நிரந்தர வளைவுக் கணக்கு, ஓட்டினேன். 271 காட்டுது. 250க்கு மேல எப்படிப் போகும்?"

சால்வர் யீல்டைச் சரிபார்ப்பது எலிமெண்டுக்குள் ஸ்ட்ரெயினை அளக்கும் இடமான இன்டெக்ரேஷன் புள்ளியில். நீங்கள் பார்ப்பது நோடில். உள்ளே 250ஐத் தாண்டியிருக்காது. அங்கிருந்து விளிம்பு வரை கோட்டை நீட்டி ஊகித்ததுதான் 271. இன்டெக்ரேஷன் புள்ளி மதிப்புகளைத் தனியாக எழுதச் சொல்லிப் பாருங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: ஒரு நோடைத் தொடும் எலிமெண்டுகளின் ஸ்ட்ரெஸ்ஸைச் சராசரி எடுத்துத்தான் படம் வழவழப்பாக வரும். ஸ்டீலும் அலுமினியமும் ஒட்டும் இடத்தில் இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அது எந்த உலோகத்தின் ஸ்ட்ரெஸ்ஸும் இல்லை. சராசரியை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒரே பொருளுக்குள் பக்கத்துப் பக்கத்து எலிமெண்டில் வண்ணம் துள்ளினால் மெஷ் இன்னும் போதவில்லை. வழவழப்பான படம் வாடிக்கையாளருக்கு அனுப்ப நன்றாக இருக்கும், நாம் பார்க்க வேண்டியது துள்ளுகிற படத்தை.

7 ஜூலை

பட்டைக் கேள்வி கேட்ட தம்பி நிஜமாகவே பட்டை வாங்கி வைஸில் பிடித்து, நுனியில் 5 கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டு டயல் கேஜில் பார்த்துவிட்டார். இதற்கு அவருக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

6.5 மி.மீ. இறங்கியதாம். 5 கிலோ என்றால் 49 நியூட்டன், கணக்குப்படி 5.84. "இப்போ சாஃப்ட்வேர், ஃபார்முலா ரெண்டுமே தப்பா?"

வெர்னியரில் தடிமன் பார்க்கச் சொன்னேன். 3.9. கடையில் 4 என்று கொடுக்கும் பட்டை அப்படித்தான் இருக்கும். தடிமன் ஐயில் கியூபாக நுழைகிறது, 4 பை 3.9இன் கியூப் 1.079. 5.84 அங்கேயே 6.30 ஆகிவிட்டது. மிச்சம் 0.2. வைஸின் தாடை பட்டையைச் சரியாக வாய் விளிம்பிலிருந்தா பிடிக்கிறது? பிடி உள்ளே 2 மி.மீ. தள்ளித்தான் தொடங்குகிறது என்று வையுங்கள், நீளம் 202, அதன் கியூபில் 3 சதவீதம் கூடும், 6.5 வந்துவிடும். அந்த 2 மி.மீ. என் ஊகம். கார்பன் தாள் வைத்து இறுக்கினால் தாடை எங்கே தொடுகிறது என்று அச்சு விழும், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மாடலில் "ஃபிக்ஸ்" என்று ஒரு க்ளிக்கில் போடுகிறோமே, உலகத்தில் அப்படி ஒரு பொருளே கிடையாது. எல்லா வைஸும் கொஞ்சம் கொடுக்கும், எல்லா போல்ட்டும் கொஞ்சம் நீளும். நகர்வு 3 சதவீதம் கூட வந்தால் நான் சந்தோஷமாக இருப்பேன். ஆனால் நிஜத்தில் குறைவாக வந்தால் உட்கார்ந்து யோசிப்பேன், எங்கோ தெரியாத தாங்கல் இருக்கிறது.

8 ஜூலை

நேற்று எழுதியதன் தொடர்ச்சியாக ஒன்று. அளந்த நகர்வும் கணக்கும் ஒத்துப்போகாதபோது "கணக்கும் நிஜமும் கொஞ்சம் வேறாகத்தான் இருக்கும்" என்று சொல்லிக் கடந்துபோன கதை ஒன்று உண்டு.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம், ஹார்ட்ஃபோர்ட் நகரத்து உள்விளையாட்டரங்கம். கூரை ஸ்பேஸ் ஃப்ரேம் (கம்பிகளைக் கோத்த முப்பரிமாணச் சட்டம்), சுமார் 110க்கு 91 மீட்டர், 1400 டன். 1970களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்து வடிவமைத்தது, அன்றைக்கு அது பெருமை. தரையிலேயே கோத்து, அப்படியே மேலே தூக்கினார்கள். தூக்கியபின் தொய்வை அளந்தால் கணக்கில் வந்ததைப்போல இரண்டு மடங்கு. வடிவமைத்தவர்களிடம் சொன்னதற்கு, கணக்குக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும் என்றே பதில். 1978 ஜனவரி 18 அதிகாலை, பனி ஏறி நின்ற கூரை முழுக்கக் கீழே வந்துவிட்டது. சில மணி நேரம் முன்னால்தான் சுமார் 5000 பேர் கூடைப்பந்து பார்த்துவிட்டுக் கலைந்திருந்தார்கள். அரங்கம் காலி, ஒருவருக்கும் காயமில்லை.

விசாரணையில் முக்கியமாகச் சொன்ன காரணம்: மேல் பக்கத்து அமுக்கக் கம்பிகளுக்கு நடுவில் பக்கத் தாங்கல் இருப்பதாகக் கணக்கு எடுத்துக்கொண்டது, நிஜத்தில் அந்தத் தாங்கல் அவ்வளவு வேலை செய்யவில்லை. கம்பிகள் பக்கவாட்டில் நெளிந்துவிட்டன. பக்லிங்.

கணக்கோடு 3 சதவீதம் ஒத்துப்போகாததை விளக்கிவிடலாம். இரண்டு மடங்கை யாரும் விளக்கிவிடக் கூடாது.

8 ஜூலை, மாலை

பக்லிங் பற்றிக் கேட்டார்கள். நம் பட்டையையே செங்குத்தாக நிறுத்தி, கீழே ஃபிக்ஸ் செய்து, தலையில் 2000 நியூட்டன் வையுங்கள். லீனியர் ஸ்டாடிக் என்ன சொல்லும்? 2000 பை 80, 25 மெகாபாஸ்கல். யீல்டு 250. பத்து மடங்கு பத்திரம், எல்லாம் நீலம், படம் அழகு.

ஆய்லர் கணக்கு: பை ஸ்கொயர் ஈ ஐ பை 4 எல் ஸ்கொயர். 1382 நியூட்டன். 2000 வைக்கும் முன்பே பட்டை மடங்கிவிடும். லீனியர் ஸ்டாடிக்கை எவ்வளவு நெருக்கமாக மெஷ் செய்தாலும் அது தெரியாது, ஏனென்றால் நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பக்லிங் அனாலிசிஸ் தனியாக ஓட்டினால் ஃபேக்டர் 0.69 என்று வரும். 1க்குக் கீழே என்றால் இந்த லோடை இது தாங்காது. 1க்கு மேலே வந்தாலும் துள்ள வேண்டாம், அந்தக் கணக்கு பட்டை முழு நேர் என்று நம்புகிறது. நிஜப் பட்டை எதுவும் முழு நேர் கிடையாது.

19 ஜூலை

"சாஃப்ட்வேர் சரிதான் என்று காலேஜில் எப்படி நிரூபிப்பது?"

நாஃபெம்ஸ் என்று பிரிட்டனில் தொடங்கிய அமைப்பு, இதற்கென்றே சோதனைக் கணக்குகள் வெளியிட்டிருக்கிறது. எல்இ1 எடுத்துக்கொள்ளுங்கள்: நீள்வட்டத் தகடு, நடுவில் நீள்வட்ட ஓட்டை, வெளி விளிம்பில் வெளிநோக்கி 10 மெகாபாஸ்கல், கால் பாகம் போட்டால் போதும். உள் விளிம்பில் டி என்ற புள்ளியில் 92.7 மெகாபாஸ்கல் வர வேண்டும். ஆர்டர் 1இல் ஒருமுறை, ஆர்டர் 2இல் ஒருமுறை, மெஷ் மாற்றி மாற்றி ஓட்டி, எண்ணிக்கையும் பதிலும் ஒரு கிராஃபாகப் போட்டால் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒரு அத்தியாயமே முடிந்தது.

சால்வரில் பிழையே இருக்காது என்று நான் சொல்லவில்லை. இருக்கும், வெளியீட்டுக் குறிப்புகளைப் படித்தால் ஒவ்வொரு பதிப்பிலும் திருத்தியிருப்பார்கள். ஆனால் அது வரிசையில் கடைசி ஆள்.

4 ஆகஸ்ட்

புது ஆள், புதுக் கேள்வி. இரண்டு காது உள்ள பிராக்கெட், நடுவில் 20 மி.மீ. பின் (துளைக்குள் செல்லும் உருளைக் கம்பி), இரண்டும் தொடும் இடத்துக்கு கான்டாக்ட் போட்டிருக்கிறார். ஒரு சமயம் சால்வர் மேட்ரிக்ஸ் சிங்குலர் (சமன்பாடுகளைத் தீர்க்க முடியவில்லை) என்று நிற்கிறது, ஒரு சமயம் நகர்வு கோடிக்கணக்கான மி.மீ. என்று வருகிறது. பின் சென்னையை விட்டே போய்விட்டது என்கிறார்.

எதுவோ பிடிமானமில்லாமல் மிதக்கிறது. எது என்று யோசித்து நேரத்தை வீணாக்காதீர்கள். லோடை எல்லாம் எடுத்துவிட்டு, அதே மாடலில் அதிர்வெண் கணக்கு ஓட்டுங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் எத்தனை அதிர்வெண் வருகிறதோ அத்தனை வழிகளில் ஏதோ ஒன்று சும்மா நகர்கிறது. அந்த மோடை (ஆடும் வடிவத்தை) அனிமேஷனில் பாருங்கள், மிதக்கும் ஆள் தானாக ஆடிக் காட்டுவார். முழுக்கக் கட்டாத ஒரு துண்டுக்கு ஆறு பூஜ்யம்.

அடுத்தது துளையின் மெஷ். ஆர்டர் 1இல் 16 துண்டாக மெஷ் ஆன 20 மி.மீ. வட்டம் வட்டமே இல்லை, 16 பக்கப் பலகோணம். பக்கத்தின் நடுப்புள்ளி நிஜ வட்டத்திலிருந்து 0.19 மி.மீ. உள்ளே இருக்கும். பின்னும் அப்படியே ஒரு பலகோணம். இரண்டின் மூலைகளும் நேருக்கு நேர் வராவிட்டால் சில இடத்தில் இடைவெளி, சில இடத்தில் ஒன்றுக்குள் ஒன்று. வரைந்ததில் பூஜ்ய இடைவெளி, சால்வர் பார்ப்பதில் 0.19. டாலரன்ஸ் (தொடுவதாக ஏற்கும் இடைவெளி) அதைவிடச் சிறிதாக வைத்திருந்தால் கான்டாக்ட் பிடிக்கவே பிடிக்காது. ஆர்டர் 2 போட்டால் நடு நோடும் வட்டத்தின் மேல் உட்காரும். கூடவே துளையைச் சுற்றி துண்டுகளையும் அதிகமாக்குங்கள்.

6 ஆகஸ்ட்

ஓட்டிவிட்டாராம். காதுகள் ஒழுங்கு. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு அதிர்வெண், அதில் பின் தன் அச்சைச் சுற்றிச் சும்மா சுழல்கிறது.

நிஜத்தில் பின் சுழன்றால் யாருக்கும் நஷ்டமில்லை, ஆனால் உராய்வு கொடுக்காத மாடலில் சால்வருக்கு அதை நிறுத்த வழியில்லை. பின்னின் ஒரு நோடில், சுழலும் திசையில் மட்டும், மிக மெல்லிய ஸ்ப்ரிங் ஒன்று கட்டுங்கள். ஓடி முடிந்ததும் அந்த ஸ்ப்ரிங் எவ்வளவு விசை எடுத்தது என்று பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் விட்டுவிடலாம். கணிசமாக எடுத்திருந்தால் பின்னைச் சுழற்றும் ஏதோ ஒரு லோடு மாடலில் இருக்கிறது, அதைத் தேடுங்கள். ஃபிக்ஸ் செய்த இடங்களின் எதிர்விசைக் கூட்டலும் நீங்கள் கொடுத்த லோடுக்குச் சமமா என்று அதே கோப்பில் பார்த்துவிட்டு, எண்ணை இங்கே போடுங்கள்.